உங்களுக்குத் தெரியுமா? தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்து

◆ ஆயிரம் கிலோ சாயத் துணி வேண்டும். சாயப்பட்டறையில் 8 சதவீதம் எடை குறையும். அப்படியானால் எத்தனை கிலோ துணி அனுப்ப வேண்டும்?

பொங்கலூரிலிருந்து திருப்பூர் வரை பத்துப் பேரிடம் கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் 1,080 என்பார்கள். 1,080 கிலோ அனுப்பினால் கைக்கு வருவது 993.6 கிலோதான். குறைவது 6.4 கிலோ. ஒரு டி-சர்ட்டுக்கு ஏறக்குறைய 173 கிராம் துணி என்றால் 37 டி-சர்ட்டுக்குத் துணி இல்லை. ஏற்றுமதி ஆர்டரில் கடைசி நேரத்தில் 37 பீஸ் குறைந்தால் என்ன பாடு என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அதே நிறத்தைப் பொருத்தி மறுபடி சாயம் போட்டு, மறுபடி தைத்து, அதற்குள் கன்டெய்னர் போய்விடும்.

சரியான வழி இது. அனுப்ப வேண்டிய எடை தெரியவில்லை. அதற்கு 'ம' என்று பெயர் வையுங்கள். 'ம'வில் 92 சதவீதம் திரும்பி வரும். ம × 0.92 = 1,000. எனவே ம = 1,087 கிலோ. சதவீதம் கழிவது தெரியாத எண்ணிலிருந்து. தெரிந்த ஆயிரத்திலிருந்து அல்ல. எழுத்து ஒன்றை எழுதிய உடனேயே இது கண்ணில் பட்டுவிடுகிறது. எழுதாமல் மனத்திலேயே போட்டால் தப்பிவிடுகிறது.

◆ சின்ன வெங்காயத்துக்கும் இதே கணக்குத்தான். 100 கிலோவைக் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கிப் பட்டறை போடுகிறீர்கள். காய்ந்தும் அழுகியும் 20 சதவீதம் போய்விடுகிறது. போட்ட முதல் திரும்ப வேண்டுமென்றால் கிலோ 36 ரூபாய்க்கு விற்றால் போதுமா? போதாது. மிச்சம் இருப்பது 80 கிலோ. 80 × ம = 3,000. ம = 37 ரூபாய் 50 காசு.

◆ வரி உள்பட 1,050 ரூபாய், வரி 5 சதவீதம். சரக்கின் விலை எவ்வளவு? 1,050இல் 5 சதவீதத்தைக் கழித்தால் 997.50 வரும், அது தவறு. ம × 1.05 = 1,050. சரக்கு 1,000 ரூபாய்.

◆ இந்தத் துணுக்குகளில் 'எக்ஸ்' என்று எழுதாமல் 'ம', 'ப' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'அ'வையும் 'க'வையும் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தமிழ் எண்களில் க என்றால் 1, உ என்றால் 2, எ என்றால் 7, அ என்றால் 8. பழைய பத்திரங்களிலும் கோயில் கணக்குகளிலும் இந்த எழுத்துகளுக்கு மதிப்பு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. மதிப்புத் தெரிந்த எழுத்தைத் தெரியாத எண்ணுக்கு வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கிரேக்கர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. ஆல்ஃபா 1, பீட்டா 2 என்று அவர்களும் எழுத்துகளையே எண்களாக எழுதிவந்தார்கள். அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த டயோஃபாண்டஸ் தம் 'அரித்மெடிகா' நூலில் தெரியாத எண்ணுக்கென்று தனியாக ஒரு குறியையே வைத்துக்கொண்டார்.

◆ சாயப்பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. இந்தியாவில் தெரியாத எண்களுக்கு வைத்த பெயர்கள் நிறங்களின் பெயர்கள்!

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் 'பிராம்ம ஸ்புட சித்தாந்தம்' எழுதினார். இன்றைய ராஜஸ்தானில் பீன்மால் என்று வழங்கும் ஊர் அன்று பில்லமாலம், அங்கேதான் எழுதினார். தெரியாத எண்ணுக்கு அவர் மரபில் 'அவ்யக்தம்' என்று பெயர், இன்னும் வெளிப்படாதது. ஒரு கணக்கில் தெரியாத எண் ஒன்றே ஒன்று என்றால் அது 'யாவத்தாவத்', எவ்வளவோ அவ்வளவு. இரண்டாவது ஒன்று வந்தால் காலகம், அதாவது கருப்பு. மூன்றாவது நீலகம், நீலம். அடுத்து பீதகம், மஞ்சள். அதற்கும் அடுத்து லோகிதகம், சிவப்பு. முழுப் பெயரையும் எழுதுவதில்லை. யா, கா, நீ, பீ, லோ என்று முதலெழுத்து மட்டும். தெரிந்த எண்ணுக்கு முன்னால் 'ரூ' என்று போடுவார்கள். ரூபம் என்பதன் சுருக்கம்.

'மூன்று யா கூட்டல் ஐந்து, இரண்டு யா கூட்டல் ஒன்பதுக்குச் சமம்' என்ற கணக்கை உரையாசிரியர்கள் இரண்டு வரியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார்கள்:

யா 3 ரூ 5
யா 2 ரூ 9

சமக்குறி கிடையாது. மேல்வரியும் கீழ்வரியும் சமம் என்பது படிப்பவருக்குத் தெரியும். யாவை யாவிலிருந்தும் ரூவை ரூவிலிருந்தும் கழியுங்கள், யா 4. ஐரோப்பாவில் இப்படி எழுத்தை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் வேரூன்றியது இதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து. நம் பிள்ளைகளுக்கு 'எக்ஸ்' வெளியூர்ச் சரக்கு என்று தோன்றினால் அவர்களிடம் இந்த இரண்டு வரியைக் காட்டலாம்.

◆ 1881இல் பெஷாவர் பக்கத்தில் பக்ஷாலி என்ற கிராமத்தில் மண்ணிலிருந்து ஒரு சுவடி கிடைத்தது. பூர்ஜ மரப்பட்டையில் எழுதியது. இன்று ஆக்ஸ்ஃபோர்டில், பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் தெரியாத எண் வரும் இடத்தில் ஒரு புள்ளி. பூஜ்ஜியத்துக்கும் அதே புள்ளி. இன்னொரு வியப்பு: கழித்தலைக் காட்ட அந்தச் சுவடி பயன்படுத்தும் குறி, இன்றைய கூட்டல் குறியைப் போலவே இருக்கும்!

◆ வட்டமான ஜிஎஸ்எம் கட்டரைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் மேட்டின் மேல் துணியை விரித்து, கட்டரை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் வட்டமாக ஒரு துண்டு கையில் வரும். அதைச் சின்னத் தராசில் வைத்து 1.6 கிராம் என்று வந்தால் துணி 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம். ஏன் நூறால் பெருக்க வேண்டும்? வெட்டிய துண்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் அப்படி நூறு துண்டு.

கட்டரின் குறுக்களவை அளந்து பாருங்கள், 11.3 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். 10, 12 என்று முழு எண்ணாகச் செய்திருக்கலாமே? செய்திருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் கால்குலேட்டரைத் தேட வேண்டியிருக்கும். கட்டரை வடிவமைத்தவர் ஆரத்தை 'ம' என்று வைத்து 3.1416 × ம × ம = 100 என்று எழுதியிருப்பார். ம = 5.64. குறுக்களவு 11.28. தெரியாத எண்ணைத் தேடும் வேலையை ஒருவர் முன்கூட்டியே செய்து இரும்பில் அடித்துக் கொடுத்துவிட்டார். அதனால்தான் செக்கிங் மேசையில் இருப்பவர்கள் வெறும் நூறால் பெருக்கினால் போதும்.

◆ நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 30ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு எடுத்தால் அதன் நீளம் 30 × 840 = 25,200 கெஜம். 40ஆம் நம்பர் என்றால் 33,600 கெஜம். ஒரு கிலோமீட்டர் நூல் எத்தனை கிராம் என்று அறிய 590.5ஐ நம்பரால் வகுக்க வேண்டும், 30க்கு 19.7 கிராம்.

இதையும் லூப் நீளத்தையும் சேர்த்தால் துணியின் எடையைத் துணி ஓடும் முன்பே கணித்துவிடலாம். ஓர் அங்குலத்தில் நிற்கும் வரிசைகள், ஓர் அங்குலத்தில் படுக்கும் வரிசைகள், மில்லிமீட்டரில் லூப் நீளம் மூன்றையும் பெருக்கி, 0.9155ஆல் பெருக்கி, நூல் நம்பரால் வகுத்தால் ஜிஎஸ்எம். அந்த 0.9155 எங்கிருந்து வந்தது? ஒரு சதுர மீட்டரில் 1,550 சதுர அங்குலம். அதை 590.5ஆல் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய அதுதான். நிட்டிங் மாஸ்டர்கள் பலர் இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். இருவகை வரிசைகள், லூப், நம்பர், ஜிஎஸ்எம் ஆகிய ஐந்தில் எந்த நான்கு தெரிந்தாலும் ஐந்தாவதைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் சூத்திரத்தின் பெரிய வசதி. வாங்குபவர் 160 ஜிஎஸ்எம் கேட்கிறார், நூல் 30, வரிசைகள் இவ்வளவு என்றால் லூப் நீளம்தான் 'ம'.

◆ ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை உண்டு. ம × 0.92 = 1,000 என்பதில் 'ம' ஒரே ஒரு எண்; நமக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். பீஸுக்கு 3 ரூபாய் என்று தைக்கும் ஓவர்லாக் டெய்லரின் நாள் கூலி 3 × ப. இந்தப் 'ப' ஒளிந்திருக்கவில்லை. இன்று 220, நாளை 180, மின்சாரம் போனால் 90. பாடநூல் இதை 'மாறி' என்கிறது. அந்த 3க்குப் பெயர் 'மாறிலி'. ஆறாம் வகுப்பிலேயே தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்கணிதம் தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துச் சொல்லாமல் ஒரே மூச்சில் நடத்திவிடுவதால்தான் பல பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

◆ பல்லடம் வட்டாரம் கோழிக்குப் பெயர்போனது. பாஸ்கராச்சாரியார் 1150இல் முடித்த 'சித்தாந்த சிரோமணி'யின் ஒரு பகுதி 'பீஜகணிதம்'. அதில் வரும் பறவைக் கணக்கைப் பண்ணைக்காரர்கள் போட்டுப் பார்க்கலாம். 5 புறா 3 காசு. 7 நாரை 5 காசு. 9 அன்னம் 7 காசு. 3 மயில் 9 காசு. நூறு காசுக்குச் சரியாக நூறு பறவை வாங்கி வர வேண்டும்.

புறாக் கட்டு 'ப', நாரைக் கட்டு 'ந', அன்னக் கட்டு 'ன', மயில் கட்டு 'ம' என்று வையுங்கள். பறவைகளின் கணக்கு ஒரு வரி, காசின் கணக்கு ஒரு வரி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ப + ந + ன = 3 × ம என்று அழகாக நிற்கும். தெரியாதவை நான்கு, வரிகள் இரண்டு. ஆகவே விடை ஒன்றாக இருக்காது. கட்டுக்கட்டாகத்தான் வாங்க வேண்டும், நான்கு வகையும் இருக்க வேண்டும் என்றால் மொத்தம் ஆறு விடைகள். அதில் ஒன்று: புறா 5, நாரை 56, அன்னம் 27, மயில் 12. காசு 3 + 40 + 21 + 36 = 100. மீதி ஐந்தையும் வீட்டில் கண்டுபிடியுங்கள். மயில் 12 அல்லது 15 என்பதைத் தாண்டாது. அந்தக் குறிப்பு போதும்.

◆ அதே நூலில் ரத்தினக் கணக்கும் உண்டு. ஒருவரிடம் 5 மாணிக்கம், 8 நீலம், 7 முத்து, கூடவே 90 காசு. இன்னொருவரிடம் 7 மாணிக்கம், 9 நீலம், 6 முத்து, 62 காசு. இருவரும் சம பணக்காரர்கள். மணிகளின் விலை என்ன? மாணிக்கம் 14, நீலம் 1, முத்து 1 என்றால் இருவருக்கும் 175. மாணிக்கம் 10, நீலம் 10, முத்து 2 என்றாலும் சரி, இருவருக்கும் 234. ஒரு வரியில் மூன்று தெரியாத எண்கள் இருந்தால் விடை குவியும் என்பதை அந்தக் காலத்து மாணவர் இப்படித்தான் கற்றுக்கொண்டார்.

◆ எழுத்தே இல்லாமலும் சூத்திரம் சொல்ல முடியும். காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' அப்படிப்பட்ட தமிழ் நூல். பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று அறிய அதில் ஒரு வெண்பா இருக்கிறது. காம்பைச் சுற்றி இருக்கும் சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 'ம' என்றால் சுளை 6 × ம ÷ 5.

பூசணிக்காய்க்கு இன்னொரு வெண்பா. கீற்றுகளை எண்ணி மூன்றால் பெருக்கி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, பாதியைத் தள்ளி, மூன்றால் வகுத்தால் விதை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கேட்டால் தலை சுற்றும். கீற்றை 'ம' என்று எழுதிப் பாருங்கள். 3, 6, 5 பெருக்கினால் 90ம, பாதி 45ம, மூன்றில் ஒன்று 15ம. கீற்று ஒன்றுக்குப் பதினைந்து விதை, அவ்வளவுதான்! பாட்டில் சுற்றிச் சுற்றி வந்தது எழுத்தில் ஒரே அடியாக முடிந்துவிட்டது. பாட்டு நினைவில் வைத்துக்கொள்ள, எழுத்து உள்ளே பார்க்க.

◆ அடுத்த துணுக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது.

போதையனார் பெயரில் ஒரு பாட்டு கைப்பேசியில் அடிக்கடி வரும். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலம் இல்லாமலே காணலாம் என்கிறது அது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, மீதியோடு உயரத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம். 'பிதாகரஸையே மிஞ்சிவிட்டோம்' என்ற வாசகமும் கூட வரும். நீளம் 4, உயரம் 3 என்றால் 3.5 + 1.5 = 5. மிகச் சரி. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5 + 2.5 = 13. இதுவும் மிகச் சரி. இரண்டு முறை சரியாக வந்தால் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

நீளம் 15, உயரம் 8 போட்டுப் பாருங்கள். வர வேண்டியது 17, வருவது 17.125. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூலைக்கு மூலை அளந்தால் 14.14 அடி, பாட்டுப்படி 13.75 அடி. நாலரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். எந்தெந்த அளவுக்குச் சரியாக வரும் என்று எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. எழுத்தைக் கொண்டுவந்தால் அரைப் பக்கத்தில் முடிகிறது. நீளம் 'ந', உயரம் 'ப'. பாட்டு சொல்லும் கர்ணத்தின் வர்க்கமும் ந² + ப²உம் சமம் என்று எழுதிச் சுருக்கினால் 15ந² − 56நப + 48ப² = 0. அதைக் காரணிப்படுத்தினால்:

(3ந − 4ப) × (5ந − 12ப) = 0

ஆகவே நீளமும் உயரமும் 4க்கு 3 என்ற விகிதத்திலோ 12க்கு 5 என்ற விகிதத்திலோ இருந்தால் மட்டும் பாட்டு துல்லியம். உலகத்தில் உள்ள மற்ற எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் தோராயம்தான். ஓட்டுக் கூரைக்கு மரம் அளக்க நல்ல தோராயம். அதைச் செய்தவர் அறிவாளி என்பதில் ஐயமே இல்லை. பிதாகரஸை மிஞ்சியது என்று அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடலாம். நம் முன்னோரின் சூத்திரத்தைச் சோதித்து அதன் எல்லையைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

◆ கர்நாடக இசையில் எழுத்து எண்ணாகும். மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் படித்தால் ராகத்தின் வரிசை எண் கிடைக்கும். மேசகல்யாணியில் மே 5, ச 6; திருப்பினால் 65. கரஹரப்ரியாவில் 2, 2, எனவே 22. இதற்குக் கடபயாதி முறை என்று பெயர். இங்கே எழுத்தின் மதிப்பு என்றைக்கும் மாறாது. இயற்கணிதத்தில் கணக்குக்குக் கணக்கு மாறும்.

◆ ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலிலிருந்துதான் அல்ஜிப்ரா என்ற பெயரே உலகத்துக்கு வந்தது. அந்த நூலில் ஓர் எழுத்துக்குறிகூடக் கிடையாது. முழுக்க முழுக்கச் சொற்கள். 1557இல் வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்ட் சமக்குறியை அச்சேற்றினார். 1591இல் பிரான்சின் வியேத், தெரியாத எண்ணுக்கு உயிரெழுத்து, தெரிந்த எண்ணுக்கு மெய்யெழுத்து என்று பிரித்தார். தெரிந்ததையும் எழுத்தாலேயே எழுதியது பெரிய திருப்பம். ஒரு கணக்கைப் போட்டால் அதே வகையான எல்லாக் கணக்கும் போட்டாகிவிட்டது. 1637இல் டேக்கார்ட் வரிசையின் கடைசியிலிருந்து எக்ஸ், ஒய், இசட் என்று எடுத்துத் தெரியாத எண்களுக்கு வைத்தார். நம் பிள்ளைகளின் நோட்டில் இருப்பது அவர் வழக்கம்.

◆ தமிழில் இயற்கணிதப் புத்தகம் எப்போது வந்தது? 1855இல் யாழ்ப்பாணத்தில் 'வீசகணிதம்' வெளிவந்தது. எழுதியவர் கறல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியைச் சேர்ந்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவரில் இவர் ஒருவர். மற்றவர் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை. தமிழில் உயர்கணிதம் சொல்ல முடியுமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். பதில் 1855இலேயே அச்சாகிவிட்டது.

◆ சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார் மொழிபெயர்த்ததால்தான், ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீரர் எழுதிய 'கணித சார சங்கிரகம்' 1912இல் ஆங்கிலத்தில் உலகின் கைக்குக் கிடைத்தது. அச்சானது சென்னை அரசு அச்சகத்தில்.

◆ பக்கத்து மாவட்டமான ஈரோட்டில் 1887 டிசம்பர் 22இல் பிறந்த ராமானுஜனின் அப்பா, கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். கேம்பிரிட்ஜில் இருந்தபோது ராமானுஜன் அடுப்பில் காய் கிண்டிக்கொண்டிருக்க, நண்பர் மகலனோபிஸ் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றை வாசித்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டலும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டலும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிடங்களில் விடையைக் கண்டுபிடித்துவிட்டார். ராமானுஜன் கரண்டியை வைக்காமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்; இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்லாமல், இப்படி அமையும் எல்லாத் தெருக்களுக்கும் அதில் விடை இருந்தது.

சின்னதாக நாமும் பார்க்கலாம். 8 வீட்டுத் தெருவில் 6ஆம் எண் வீடு: 1 முதல் 5 வரை கூட்டினால் 15; 7 + 8 = 15. வீடு 'ம', மொத்தம் 'ப' என்றால் 2 × ம² = ப × (ப + 1). புதிரின் விடை 288 வீடுகளில் 204ஆம் எண். இந்தச் சமன்பாட்டைச் சற்றே மாற்றி எழுதினால் அது பிரம்மகுப்தர் 628இல் ஆராய்ந்த 'வர்க்கப் பிரகிருதி' ஆகிவிடும். அதே வகையில், ஒரு எண்ணை வர்க்கித்து 61ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும் என்றால், மிகச் சிறிய விடை 22,61,53,980. பாஸ்கரர் 1150லேயே இதைக் கண்டவர். 1657இல் ஃபெர்மா ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்குச் சவாலாக விட்டதும் இதே 61தான்.

◆ மெர்ச்சண்டைசர் எக்செல்லில் காஸ்டிங் ஷீட் போடுகிறார். நூல் விலை ஒரு கட்டத்தில், சாயக் கூலி இன்னொரு கட்டத்தில். 'பி2' என்று கட்டத்துக்குப் பெயர். சூத்திரத்தில் எண்ணைத் தட்டாமல் பி2 என்றே தட்டுகிறார். நூல் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் ஒரே கட்டத்தை மாற்றினால் போதும், டி-சர்ட் விலை தானாக மாறும். பி2 ஓர் இயற்கணித எழுத்துதான். தனிக்கணினிகளுக்கு முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க் 1979இல் வந்தது. டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் செய்தது. எண்ணை நேராகத் தட்டி வைத்த ஷீட்டுகள் விலை ஏறும் நாளில் காலை வாரிவிடும். புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் கட்டத்தின் பெயரை வைத்தே எழுதிப் பழகுங்கள்.

◆ கடைசியாக, பெற்றோருக்கு. ஒரு வாரத்தில் ஏழரை ஷிப்ட் பார்த்து, 500 ரூபாய் அட்வான்ஸ் கழிந்து, சனிக்கிழமை கைக்கு 4,000 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு? 7.5 × ம − 500 = 4,000. ஐந்நூறைத் திரும்பச் சேர்த்தால் 4,500. ஏழரையால் வகுத்தால் 600. இதை மனத்திலேயே போடும் அம்மாவும் அப்பாவும் பிள்ளை கணக்கு நோட்டை நீட்டினால் 'எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி' என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சொந்தச் சம்பளச் சீட்டை அவர்கள் முன்னால் வையுங்கள். ஓர் எண்ணை மட்டும் கையால் மறைத்து, அந்த இடத்தில் ஓர் எழுத்தை எழுதச் சொல்லுங்கள். மறைத்த எண்ணை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.